கூடிப் பாடும்போது சுருதி இறங்குகிறது, பாட்டு இழுக்கிறது: பாமாலை, கீர்த்தனை பாடுகிறவர்களிடம் ஒரு கேள்வி

ஞாயிறு_மாலை (கேள்வி)

நண்பர்கள் பத்துப் பேர், பெண்கள் ஆறு, ஆண்கள் நாலு, வீட்டு ஹாலில் கூடிப் பாடுகிறோம். கொயர் கிடையாது, மேடை கிடையாது. பாமாலையில் (மேல்நாட்டு மெட்டில் பாடும் கிறிஸ்தவப் பாட்டு) பாதி, கீர்த்தனையில் (நம் ராக தாளத்தில் அமைந்த கிறிஸ்தவப் பாட்டு) பாதி. யாருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேல்நாட்டு இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாது. ஸ்வரம் சொன்னால் நாலைந்து பேர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு 61 கீ கீபோர்டு இருக்கிறது.

சிக்கல்கள் இவை. கீபோர்டு இல்லாமல் பாடினால் நாலாம் சரணத்துக்குள் அரைக் கட்டை (கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் ஒரு கீ) இறங்கிவிடுகிறது. ஆண்களுக்குச் சரியாக இருக்கும் சுருதி பெண்களுக்கு ஆகவில்லை, அவர்களுக்கு வைத்தால் இவர்கள் கத்துகிறார்கள். வேகமும் வரிக்கு வரி குறைந்துகொண்டே போகிறது. இத்தனைக்கும் நடுவில் எல்லாருக்கும் பார்ட்ஸ் (ஒரே நேரத்தில் ஒவ்வொரு குரலும் வேறு வேறு ஸ்வரம்) பாடிப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஐந்தரைக்_கட்டை

முதலில் சுருதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதில் பாதி தானாகக் குறையும்.

"இந்தப் பாட்டு இந்த ஸ்கேல்" என்று புத்தகத்தில் இருப்பதை வைத்துத் தொடங்காதீர்கள். பாட்டின் உச்ச ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். கட்டை என்பது கீபோர்டின் வெள்ளைக் கீகளுக்கு நம் எண்: 1 = சி, 2 = டி என்று 7 = பி வரை, அரை என்றால் அதற்கு அடுத்த கறுப்புக் கீ. கலந்து பாடும் கூட்டத்தில் அந்த உச்சம் மேல் 2 கட்டைக்கு (டி) மேலே போகக்கூடாது. பெண்கள் அந்த டி-யிலும், ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே உள்ள டி-யிலும் பாடுவார்கள். பயிற்சி இல்லாத குரல் இரண்டுக்கும் இழுக்காமல் எட்டுகிற இடம் அதுதான். மேல் இ என்றால் பாதிப் பேர் கழுத்தை நீட்டுவார்கள்.

அங்கிருந்து கீழே எண்ணுங்கள். உச்சம் மேல் ஷட்ஜம் என்றால் ச = 2 கட்டை. மேல் ரி வரை போனால் ச = 1 கட்டை. மேல் (அந்தர) காந்தாரம் வரை போனால் ச = ஆறரை. உச்சமே மத்திம ஸ்தாயி பஞ்சமம்தான் என்றால் ச = 5. அடுத்து அடிமட்டத்தைப் பாருங்கள். பெண்களுக்கு நடு சி-க்குக் கீழே உள்ள ஏ (6 கட்டை), ஆண்களுக்கு அதற்கும் ஒரு ஸ்தாயி கீழ். அதற்குக் கீழே போகிற வரி இருந்தால் சுருதியை ஏற்றாமல், அந்த வரியை மட்டும் தாழ்ந்த குரல்களிடம் விட்டுவிடுங்கள்.

கீர்த்தனைகளில் இது அடிக்கடி வரும். பல்லவி கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டு வரும், அனுபல்லவி மேல் காந்தாரத்துக்கு ஏறும். ஒரே குரல் கூட்டம் இரண்டையும் நன்றாகப் பாட முடியாது. பல்லவியை எல்லாரும், அனுபல்லவியின் ஏற்றத்தை உயர்ந்த குரல்கள், பிறகு பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி எல்லாரும் என்று பிரித்துப் பாருங்கள். கேட்கவும் நன்றாக இருக்கும், தொண்டைக்கும் ஓய்வு.

கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்று அதையே நம்பாதீர்கள். போன பாட்டுக்கு வைத்தது அப்படியே நிற்கும். அடுத்த பாட்டு ஏன் வானத்தில் பறக்கிறது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

பேஸ்_வரிசை

சுருதி இறங்குவதற்குக் "காது சரியில்லை" என்பது பெரும்பாலும் காரணமே இல்லை. இறங்குகிற இடங்கள் திட்டவட்டமானவை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம்: ஓல்ட் ஹண்ட்ரட். 1551-ல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது, இன்றைக்கும் காணிக்கை எடுத்து முடித்ததும் பல சபைகளில் பாடுவது. சங்கராபரண ஸ்வரத்தில் எழுதினால்:

ச ச நி த ப ச ரி க
க க க ரி ச ம க ரி
ச ரி க ரி ச த நி ச
ப க ச ரி ம க ரி ச

முதல் வரியின் நி, த, ப, மூன்றாம் வரியின் த, நி ஐந்தும் கீழ் ஸ்தாயி. கடைசி வரி தொடங்கும் ப நடு ஸ்தாயி. ஆக மொத்தம் ப-விலிருந்து ப வரை ஒரே ஒரு ஸ்தாயி. ஐந்தரைக்கட்டை சொன்ன கணக்குப்படி ச = 5 கட்டை. அதனால்தான் இது யார் பாடினாலும் நிற்கிறது.

இறங்குகிற இடம் ஒன்று: முதல் வரி. ச நி த ப என்று இறங்கும்போது ஒவ்வொரு படியும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும், ப தாழ்ந்துவிடும். அங்கிருந்து ஆறாவது எழுத்தான ச-வுக்குத் தாவும்போது தொடங்கிய ச கிடைக்காது. இடம் இரண்டு: இரண்டாம் வரியின் க க க. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொன்றும் முந்தியதை விட மயிரிழை கீழே வரும். இடம் மூன்று: கடைசி வரித் தொடக்கம். மூச்சு முடிந்த நிலையில் ச-விலிருந்து ப-வுக்குத் தாவ வேண்டும், முக்கால் தூரம்தான் போவார்கள்.

சோதனை எளிது. முதல் வரியின் ஆறாவது எழுத்தில் எல்லாரும் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் ச-வை அழுத்துங்கள். அங்கேயே வித்தியாசம் தெரிந்தால் பாட்டைத் தொடராமல் அந்த ஆறு எழுத்தை மட்டும் "நூ" என்று மெதுவாகப் பாடுங்கள். இறங்கும் படிகள் சின்னவை, ஏறும் படிகள் பெரியவை என்று நினைத்துக்கொண்டு பாடச் சொன்னாலே பாதி சரியாகும். திரும்ப வரும் ஸ்வரத்துக்கு, "ஒவ்வொன்றையும் புதிதாகத் தொடங்கு" என்று சொல்லுங்கள்.

மற்றக் காரணங்கள்: மெல்லப் பாட வேண்டிய சரணத்தில் ஒலியோடு சேர்த்து மூச்சையும் குறைப்பது. மடியில் போனை வைத்துக் குனிந்து பார்ப்பது, தாடை நெஞ்சில் இடித்தால் ஸ்வரம் நிற்காது. திரைச்சீலை, சோபா, மெத்தை நிறைந்த அறை, அங்கே அடுத்தவர் குரல் கேட்காது. அறையை மாற்ற முடியாவிட்டால் நெருங்கி உட்காருங்கள்.

எல்லாம் செய்தும் குறிப்பிட்ட ஒரு பாட்டு மட்டும் இறங்கினால் அரைக் கட்டை ஏற்றித் தொடங்கிப் பாருங்கள். பல நேரம் அப்படியே நின்றுவிடும். குரல் மாறுகிற இடத்தில் முக்கியமான ஸ்வரம் விழாமல் தப்பிப்பதுதான் காரணம்.

தாளம்_தப்பாதவன்

இழுவைக்கு ஒரே காரணம்தான் அண்ணாச்சி: வரி முடிவில் மூச்சு. கடைசி எழுத்தை முழுசாப் பிடிச்சு முடிச்சிட்டு, அதுக்கப்புறம் நிதானமா மூச்சு எடுத்து அடுத்த வரிக்குப் போறாங்க. அந்த மூச்சு ஒரு தட்டைச் சாப்பிடுது. நாலு வரிக்கு நாலு தட்டு, நாலு சரணத்துக்குப் பதினாறு. மூச்சுக்கான நேரத்தைக் கடைசி எழுத்திலேருந்து திருடணும், அடுத்த வரிகிட்ட கடன் வாங்கக்கூடாது. கடைசி எழுத்து ரெண்டு தட்டுன்னா ஒன்றரையில விட்டுட்டு அரைத் தட்டுல மூச்சு. இதை எல்லாரும் ஒரே நேரத்துல செஞ்சா அந்த மூச்சுச் சத்தமே அடுத்த வரிக்கு சிக்னல் ஆயிடும். மெட்ரோனோமை (தட்டு எண்ணிக் கொடுக்குற கருவி) நிமிஷத்துக்கு 72-ல வெச்சு முதல் சரணத்தை மட்டும் பாடிப் பாருங்க, எங்க பின்னாடி விழுறீங்கன்னு உடனே தெரியும். அப்புறம் நிறுத்திடுங்க, முழுப் பாட்டையும் அதோட பாடினா உயிர் போயிடும்.

கீர்த்தனை வேற விஷயம். தாளம் என்னன்னு பாட்டுக்கு மேலயே போட்டிருக்கும், யாரும் பாக்குறதில்லை. மிச்ர சாபு ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி. பழக்கமில்லாதவங்க கடைசியில ஒண்ணு சேர்த்து எட்டாக்கிடுவாங்க. கீபோர்டுல ஆட்டோ ரிதம் போட்டா இன்னும் மோசம், அதுல இருக்கிறது நாலும் மூணும்தான், ஏழை எட்டா நீட்டச் சொல்லி நம்மளையே மிரட்டும். ரிதத்தை அணைச்சிட்டுக் கையால போடுங்க. ரூபகத்துக்கு ரெண்டு தட்டு ஒரு வீச்சு போதும்.

எடுப்பையும் (தாளத்துல பாட்டு தொடங்குற இடம்) கவனிங்க. நிறைய பல்லவி சமத்துல (தாளத்தோட முதல் தட்டுல) தொடங்காது, அரை இடமோ ஒரு இடமோ தள்ளித் தொடங்கும். தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆவர்த்தனம் (தாளம் ஒரு சுத்து) சும்மா தாளம் மட்டும் போட்டுட்டுத் தொடங்கினா எல்லாரும் ஒரே இடத்துல விழுவாங்க. போடலைன்னா பாதிப் பேர் தட்டுல, பாதிப் பேர் தட்டு தள்ளி.

இன்னொண்ணு, கீர்த்தனைக்கு கார்டு (மூணு ஸ்வரம் சேர்த்து அழுத்துறது) போடுறது. சங்கராபரணம்னா சரி, மேஜர் ஸ்கேல்தான், தாங்கும். மோகனத்துல ம-வும் இல்லை, நி-யும் இல்லை. ம கார்டு போட்டா ம வந்துடும், ப கார்டு போட்டா நி வந்துடும், ராகம் போச்சு. ச-ப மட்டும் அழுத்திப் பிடிச்சிட்டுச் சும்மா இருங்க, அதுவே அழகா இருக்கும்.

ஞாயிறு_மாலை

எல்லாருக்கும் நன்றி. அந்த ஆறாவது எழுத்துச் சோதனையைப் போன உடனே செய்து பார்க்கிறேன். பார்ட்ஸ் பற்றி யாராவது சொல்லுங்கள். நாலு ஆண்களை டெனருக்கு (ஆண்களின் உயர்ந்த குரல்) இரண்டு, பேஸுக்கு (தாழ்ந்த குரல்) இரண்டு என்று பிரிக்கலாமா?

பேஸ்_வரிசை

பிரிக்காதீர்கள், இப்போதைக்கு டெனரே வேண்டாம். இரண்டு பேரில் ஒருவர் வராத வாரம் மற்றவர் தனியாக நின்று மெட்டுக்கு ஓடிப்போவார். மெட்டுக்குப் பெண்கள் நாலு, ஆல்டோவுக்கு (பெண்களின் தாழ்ந்த குரல்) இரண்டு, பேஸுக்கு ஆண்கள் நாலு. மூன்று பார்ட்டிலேயே பாட்டு நிறைந்துவிடும்.

கற்கும் வரிசை முக்கியம். முதலில் எல்லாரும், ஆண்கள் உட்பட, மெட்டை முழுசாகப் பாட வேண்டும். மெட்டு தெரியாதவர் பேஸ் பாடவே முடியாது. பிறகு பேஸ் மட்டும் தனியாக, பிறகு பேஸும் மெட்டும். அடுத்து ஆல்டோவைப் பேஸோடு மட்டும் பாட வையுங்கள், மெட்டைச் சேர்க்காமல். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆல்டோ மெட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது. மெட்டோடு கற்றால் அதன் மேல் சாய்ந்து சாய்ந்து கடைசியில் அதுவாகவே ஆகிவிடும். பேஸ் மேல் நின்று கற்றால் தனக்கென்று ஒரு தரை கிடைக்கும். கடைசியில் மூன்றும்.

பேஸ் கற்க மேலே கொடுத்த மெட்டின் இரண்டாம் வரி முடிவைப் பாருங்கள். மெட்டு ரி-யில் நிற்கும், பேஸ் ப-வில் நிற்கும். அந்த இரண்டையும் நீளமாகப் பிடித்து ஆண்களைக் கேட்க வையுங்கள். "முடியவில்லை, இன்னும் வர வேண்டியது இருக்கிறது" என்று காது சொல்லும். கடைசி வரி முடிவில் இரண்டும் ச-வில் சேரும்போது வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் பேஸ் ஸ்வரங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தொடங்கும்போது ஒரு ச மட்டும் கொடுத்தால் போதாது. கீழிருந்து மேலாக, பேஸ், ஆல்டோ, மெட்டு என்று ஒவ்வொருவருக்கும் அவர்கள் ஸ்வரத்தைக் கொடுத்து எல்லாரும் ஒன்றாக ஹம் செய்த பிறகுதான் முதல் எழுத்து.

நன்றாகப் பழகியதும் கீபோர்டை அணைத்துவிட்டு முதல் வரியின் கடைசி க-வில் நின்று பிடியுங்கள். கீபோர்டின் க இயற்கையான காந்தாரத்தை விட 14 சென்ட் கூடுதல், அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. கருவி இல்லாமல் பாடும்போது குரல்கள் தாமாகவே அந்த 14 சென்ட் இறங்கி உட்காரும். உட்கார்ந்த கணத்தில் யாரும் பாடாத ஒரு மேல் ஸ்வரம் அறையில் ஒலிக்கும். மூன்று பேர் பாடினாலும் கேட்கும், ஆனால் யாராவது ஒருவர் உரக்கப் பாடினால் கேட்காது. கூடிப் பாடுவதை விட முடியாமல் போகிறவர்கள் இதற்காகத்தான் போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சொல்_சுத்தம்

சுருதி, தாளம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு கலங்கலாகக் கேட்டால் தவறு எழுத்தில் இருக்கும். தமிழுக்கே உரிய சில இடங்கள்:

நீளமான ஸ்வரத்தில் குற்றியலுகரம் வந்தால் ("நமக்கு", "வந்து") பாதிப் பேர் உதட்டைக் குவித்து "நமக்கூ" என்பார்கள், பாதிப் பேர் குவிக்க மாட்டார்கள். ஒரே ஸ்வரம் இரண்டாகக் கேட்கும். உதட்டைக் குவிக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "அன்பை" போன்ற ஐகார முடிவில் அகரத்தைப் பிடித்து, இகரத்தைக் கடைசிக் கணத்தில் சேர்க்க வேண்டும். சிலர் இகரத்தை முதலிலேயே கொண்டுவந்து அதைப் பிடித்துக்கொள்வார்கள். "கர்த்தர்" என்பதில் கடைசி "ர்"-ஐப் பத்துப் பேர் பத்து நேரத்தில் உருட்டினால் மூட்டை அவிழ்ந்து கொட்டியது போல இருக்கும். நா ஒரே ஒரு முறை தட்டினால் போதும், அதுவும் தலைமை தாங்குபவர் கையை மூடும்போது. மகர முடிவுக்கு உதட்டை மூடிவிட்டால் ஒலி குறையும், எனவே உயிரை முழுசாகப் பிடித்துவிட்டுக் கடைசியில்தான் மூட வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பாமாலைகளில் இன்னொரு தொல்லை. மெட்டு ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்தது. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்ததைத் தொடர்ந்து ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்தன. அந்த மெட்டுகளில் குறில் வரவேண்டிய இடத்தில் இரண்டு தட்டு நீளம் இருக்கும். "மனமே" என்பதன் முதல் எழுத்தை இரண்டு தட்டு அழுத்திப் பாடினால் "மானமே" ஆகிவிடும். அழுத்தத்தை எடுத்துவிட்டு லேசாகத் தொட்டுப் பாடினால் போதும், நீளம் உறுத்தாது. கீர்த்தனையில் இந்தத் தொல்லை குறைவு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழ்ச் சொல்லை வைத்தே தாளத்தைக் கட்டியவர்கள்.

"இயேசு" வரும் இடமெல்லாம் இரண்டு ஸ்வரமா, மூன்றா என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்குப் புத்தகம் பாட்டு எண்ணும் மாறும், சரணமும் மாறும். எண்ணை நம்பாமல் முதல் அடியைச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரே பதிப்பிலிருந்து 16 புள்ளி எழுத்தில் அச்செடுத்து இரண்டு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். தாளை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் தலை தானாக நிமிரும்.

நாலு_பக்கம்

உட்காரும் விதம் பற்றி யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சேக்ரட் ஹார்ப் பாடுகிறவர்கள் (அந்தப் புத்தகம் 1844-ல் வந்தது, இன்றும் பாடுகிறார்கள்) சதுரமாக உட்காருவார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு பார்ட், எல்லாரும் உள்நோக்கி, நடத்துபவர் நடுவில். மெட்டு டெனர் பக்கத்தில் இருக்கும். சொற்களுக்கு முன்னால் ஒருமுறை ஃபா, சோல், லா, மீ என்று ஸ்வரத்தையே பாடிவிடுவார்கள். கேட்பவர்கள் என்று தனியாக யாரும் கிடையாது, வந்தவர்கள் எல்லாரும் பாடத்தான் வருகிறார்கள்.

உங்கள் பத்துப் பேருக்கு லாட வடிவம் போதும். வாசல் பக்கம் திறந்து, பேஸ் நடுவில், மெட்டும் ஆல்டோவும் எதிரெதிரே. முதல் சில வாரம் ஆல்டோ இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்காரட்டும். சுவரைப் பார்த்து யாரும் உட்காரக்கூடாது. பாட்டுக்கு ஒருவர் என்று நடத்துவதை மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் நின்று கேட்டவருக்குத்தான் தன் பார்ட் மற்ற இரண்டோடு எப்படி உட்காருகிறது என்று தெரியும்.

இங்கே கீபோர்டை ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கற்கும்போது வேண்டும். பாடும்போது முதல் சரணத்துக்கு மட்டும் வைத்து, பிறகு எடுத்துவிடலாம்.

ஞாயிறு_மாலை

கடைசியாக ஒன்று. ஆண்களில் ஒரு நண்பர் எந்தப் பாட்டானாலும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார். ஆசை இருக்கிறது, வராமல் இருக்கச் சொல்ல மனம் இல்லை. பேஸில் வைக்கலாமா?

ஐந்தரைக்_கட்டை

பேஸில் ஒளித்து வைக்காதீர்கள், அங்கேதான் அதிகம் தெரியும்.

பெரும்பாலும் அவருக்குக் காது சரியாகத்தான் இருக்கும். சோப்ரானோவின் (பெண்களின் உயர்ந்த குரல்) ஸ்வரத்தை அதே ஸ்தாயியில் பிடிக்கப் பார்த்து, எட்டாமல் நடுவில் எங்கோ நின்றுவிடுவார். பெண் குரலிலோ கீபோர்டின் மேல் பக்கத்திலோ ஸ்வரம் கொடுத்தால் பல ஆண்களுக்கு ஸ்தாயி புரியாது. இன்னொரு ஆண் அருகில் உட்கார்ந்து அவர் பாடும் ஸ்தாயியிலேயே கொடுக்க வேண்டும்.

தனியாக ஐந்து நிமிடம் போதும். அவரை வசதியான எந்த ஸ்வரத்திலாவது "ஊ" என்று பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவர் ஸ்வரத்துக்குப் போய்ச் சேருங்கள், அவரை உங்களிடம் இழுக்காதீர்கள். இரண்டும் ஒன்றானதும் "இப்போது இரண்டும் ஒன்று" என்று சொல்லிக் காட்டுங்கள், சேர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. பிறகு இருவரும் சேர்ந்து அரை ஸ்வரம் மேலே, திரும்பக் கீழே. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி வழுக்கி ஏறி இறங்கவும் வையுங்கள், குரல் நகரும் என்று அவருக்கே தெரியவேண்டும். கூட்டத்தில் உறுதியான ஆண் குரல் இரண்டுக்கு நடுவில் உட்கார வைத்து, முதலில் மெட்டை மட்டும் பாட விடுங்கள். ச-விலிருந்து ப-வுக்குள் அடங்கும் ஐந்து ஸ்வரப் பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்து, 1 கட்டை அல்லது ஒன்றரைக் கட்டையில் வையுங்கள்.